எலிவேஷன் படத்தை அப்புறம் பார்க்கலாம்
வாசகர் கேள்வி – பதில்: புறநகரில் அலுவலகக் கட்டடம்

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்ட பிறகு, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கத்து மனைக்காரர்களின் கடிதங்கள் ஒரே திசையில் திரும்பிவிட்டன. கல்யாண மண்டபமும் ஷோரூமும் கேட்டவர்கள் இப்போது அலுவலகக் கட்டடம் கேட்கிறார்கள். கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்பதற்காக எல்லாப் பதில்களிலும் ஒரே மனையை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: 10 கிரவுண்டு, அதாவது 24,000 சதுர அடி, முகப்பு 40 மீட்டர், ஆழம் 55.7 மீட்டர்.

கேள்வி: 18.30 மீட்டர் உயரத்துக்குள் ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் பார்க்கிங் தளம்) அதன்மேல் ஐந்து மாடியும் வரும் என்கிறார் எங்கள் இன்ஜினியர். வரைபடம் போடும் ஆர்க்கிடெக்ட் நாலுதான் என்று பிடிவாதமாக இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், வண்டலூர்

ஆர்க்கிடெக்ட் சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம், விதிகள் வேறு. அதனால்தான் எல்லோரும் அந்த உயரத்துக்குள் ஒரு மாடியைக் கூடுதலாகத் திணிக்கப் பார்க்கிறார்கள்.

ஸ்டில்ட்டுக்கு 3 மீட்டர் போனால் மிச்சம் 15.30. ஐந்தால் வகுத்தால் மாடிக்கு 3.06 மீட்டர். வீடு என்றால் அது தாராளம். அலுவலகத்தில் தூணுக்குத் தூண் 8 மீட்டருக்கு மேல் போகும். பீம் 60 செ.மீ. இறங்கும். அதற்குக் கீழே இன்சுலேஷனோடு, ஏ.சி. காற்றைக் கொண்டுபோகும் டக்ட் 35 செ.மீ., ஃபால்ஸ் சீலிங்கும் விளக்கும் 15, தரை டைலும் அதன் அடிக் கலவையும் 7.5. எல்லாம் கழித்தால் நிற்பது 1.88 மீட்டர். கொஞ்சம் உயரமானவர் நிமிர்ந்து நடக்க முடியாது.

நாலு மாடி, மாடிக்கு 3.75 என்று வைத்தால் மொத்தம் 18.0 மீட்டர். அதே கழித்தல்களுக்குப் பிறகு 2.57 மீட்டர், சுமார் எட்டரை அடி கிடைக்கும். இதுவும் கொஞ்சம் இறுக்கம்தான். டக்டை நடைபாதைக்கு மேல் மட்டும் ஓட விட்டு, மேசைகளுக்கு மேலே சீலிங்கை பீமை ஒட்டி ஏற்றிவிட்டால் அந்த இடத்தில் 2.9 மீட்டர் வரும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு உயரம் தெரியவேண்டியது அங்கேதான்.

இன்னொன்று. ஐந்தாவது மாடியால் உங்களுக்குப் பரப்பு கூடப்போவதில்லை. உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு அடிப்படை எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2.0. உங்கள் மனைக்கு 48,000 சதுர அடி. நாலாகப் பிரித்தால் 12,000, ஐந்தாகப் பிரித்தால் 9,600, அவ்வளவுதான். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ., அதாவது பணம் கட்டிப் பெறும் கூடுதல் அளவு, வாங்கினால் கூடும் என்பது உண்மை. சாலை 12 முதல் 18 மீட்டர் என்றால் 40 சதவீதம் வரை வாங்கலாம், 67,200 சதுர அடி ஆகும். ஆனால் அதை நாலு மாடியில் வைக்க மாடிக்கு 16,800 வேண்டும், மனையில் 70 சதவீதம். செட்பேக் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விடவேண்டிய காலியிடம்) விட்டபின் அவ்வளவு இடம் தரையில் இருக்காது. பிரீமியத்துக்குப் பணம் கட்டும் முன் இந்த வகுத்தலை ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பாருங்கள்.

18.30-க்கும் 18.0-க்கும் நடுவே இருக்கும் 30 செ.மீ.யை இன்ஜினியர் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாலை மட்டத்துக்கு மேல் மனையை ஏற்றும்போது அது கரைந்துவிடும். உயரம் எந்த மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது என்பதை வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் மனை ஜி.எஸ்.டி. சாலையின் மேலேயே இருக்கிறது. உயர்மாடியாகவே போய்விட்டால் 3.25 எஃப்.எஸ்.ஐ. கிடைக்குமாமே? எதற்கு நாலு மாடியோடு நிறுத்தவேண்டும்?
– வாசகர், பெருங்களத்தூர்

கிடைக்கும். 78,000 சதுர அடி. 18.30-க்கு மேல் 30 மீட்டர் வரையான கட்டடத்துக்குச் சுற்றிலும் 7 மீட்டர் செட்பேக். விட்டால் 26 மீட்டருக்கு 41.7 மீட்டர், மாடிக்கு சுமார் 11,670 சதுர அடி நிற்கும். ஏழு மாடி போட்டால் அளவு முடிந்துவிடும், உயரம் 29.25 மீட்டர். 30-ஐத் தாண்டாததால் கூடுதல் செட்பேக்கும் இல்லை. காகிதத்தில் மிக அழகான கணக்கு.

இடிப்பது பார்க்கிங்கில். ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் கணக்கில் இந்தப் பரப்பில் 725 பேர் உட்கார்வார்கள். ஆறில் ஒருவர் காரில் வந்தால்கூட 120 கார். ஸ்டில்ட்டில் 24 கார்தான் நிற்கும். எப்படி என்று அடுத்த பதிலில் பார்க்கலாம். மிச்சத்துக்குத் தரைக்குக் கீழே இரண்டு அடித்தளம் (பேஸ்மென்ட்) தோண்டவேண்டும். சரிவுப்பாதைக்கு 1-க்கு 8 சாய்வு வைத்தால் 3.5 மீட்டர் இறங்க 28 மீட்டர் நீளம். மனையின் ஆழத்தில் பாதி. அதோடு ஸ்பிரிங்க்ளர், தீயணைப்புத் தண்ணீர்த்தொட்டி, புகை புகாதபடி காற்றழுத்தம் கொடுத்த படிக்கட்டு, தீயணைப்பு லிஃப்ட் எல்லாம் சேரும். இவை எல்லா மாடியிலும் இடத்தைத் தின்னும்.

பக்கத்து வீதியில் 2015 டிசம்பரில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பழைய குடியிருப்புக்காரர்களைக் கேளுங்கள். இடுப்பளவு என்று யாராவது சொன்னால் இரண்டு அடித்தள யோசனையை அன்றே விட்டுவிடுவது நல்லது. மேடான, பாறை மட்டம் ஆழமாக உள்ள மனை என்றால் மட்டும் உயர்மாடியைப் பரிசீலிக்கலாம்.

நாலு மாடியோடு நிற்பவர்களும் இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். செட்பேக்கை இப்போதே 7 மீட்டராக விட்டால் நாலு மாடிக்கு 46,680 சதுர அடி வருகிறது. 48,000-த்தில் இழப்பு வெறும் 1,320. தீயணைப்பு வண்டி தாராளமாகச் சுற்றிவரும், இரண்டு பக்கம் மரம் வைக்கலாம், வாடகை வண்டிகள் ஆளை இறக்க உள்ளேயே இடம் இருக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் காலை ஒன்பதரை மணிக்கு ஒரு கேப் உங்கள் வாசலில் நின்றால் பின்னால் எவ்வளவு தூரம் ஹாரன் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: தூண்களை 6 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் செலவு குறையும் என்கிறார் ஒப்பந்ததாரர். வைக்கலாமா?
– வாசகர், ஊரப்பாக்கம்

கம்பிச் செலவு குறையும். கார் குறைவதும் நிச்சயம். ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். 6 மீட்டர் கட்டத்தில் தூண் 60 செ.மீ. போனால் 5.4 மீட்டர் மிஞ்சும். அதில் இரண்டு கார் நிற்கும், 40 செ.மீ. வீண். மூன்று கார் நிற்க 7.5 மீட்டரும், தூணுக்கு 0.5 முதல் 0.6 மீட்டரும் வேண்டும். ஆகவே 8.2 முதல் 8.4 மீட்டர் கட்டம்.

26-க்கு 41.7 மீட்டர் அளவில் இது எப்படி உட்காருகிறது பாருங்கள். அகலத்தில் 8.4 மீட்டரில் மூன்று கட்டம், நீளத்தில் 8.2 மீட்டரில் ஐந்து. நடுக் கட்டத்தில் 7 மீட்டர் வண்டிப்பாதை. தூண் வரிசை பாதையின் ஓரத்திலிருந்து 70 செ.மீ. உள்ளே தள்ளி நிற்கும். கார் திரும்பும்போது மூலையில் இடிக்காது. பாதையின் இரு பக்கமும் கட்டத்துக்கு மூன்று கார், மொத்தம் 30. படிக்கட்டு, லிஃப்ட், லாபி இரண்டு கட்டத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 24.

காருக்குப் பின்னால் வெளி ஓரம்வரை சுமார் 4 மீட்டர் பட்டை மிஞ்சும். அதைத் தோட்டக்காரரின் சாமான் அறைக்குக் கொடுத்துவிடாதீர்கள். டூவீலருக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர் போதும். அந்தப் பட்டையில் செட்பேக் பக்கமிருந்து நுழைகிற மாதிரி வைத்தால் ஏறக்குறைய 60 வண்டி நிற்கும். புறநகர் அலுவலகத்தில் கார்காரர்களைவிட டூவீலர்காரர்களே அதிகம். இதைக் கவனிக்காத கட்டடங்களில் திறந்த மூன்றே மாதத்தில் டூவீலர்கள் தீயணைப்பு வண்டிக்கான பாதையில் வந்து நிற்கும்.

ஸ்டில்ட்டில் வழக்கமாக வரும் இன்னொரு தொல்லை, தலைக்கு மேல். 3 மீட்டர் உயரத்தில் பீமுக்குக் கீழ் 2.4 மீட்டர். கழிவறைக் குழாய்களைச் சாய்வோடு பீமுக்கு அடியில் குறுக்கே இழுத்தால் அது 2.1-க்கு வந்துவிடும். கூரையில் கேரியர் வைத்த வண்டி அதோடு உரசும், குழாயும் உடையும். கழிவறைகளை மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சுவர் ஓரத்து ஷாஃப்டில் நேராக இறக்குங்கள். ஒரு குழாயும் வண்டிப்பாதையைக் கடக்கக்கூடாது. அடுக்கு பார்க்கிங் இயந்திரம் பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இந்த 3 மீட்டரில் நடக்காது.

கேள்வி: முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும், இல்லாவிட்டால் ஐ.டி. கம்பெனிகள் வாடகைக்கு வராது என்கிறார்கள். மனை வடமேற்கு பார்த்தது. வடக்குப் பக்கம் குளிர்ச்சிதானே, கண்ணாடி போடலாமா?
– வாசகர், வண்டலூர்

தாம்பரத்திலிருந்து வண்டலூர்வரை ஜி.எஸ்.டி. சாலை தென்மேற்காகப் போகிறது. அதனால் சாலையின் ஒரு பக்கத்து மனைகள் தென்கிழக்கையும் எதிர்ப்பக்கம் வடமேற்கையும் பார்க்கும். இரண்டில் சிக்கலான பக்கம் உங்களுடையது.

வடக்கு குளிர்ச்சி என்பது டெல்லிக்குப் பொருந்தும் பேச்சு. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நமக்கு வடக்கேதான் நடமாடுகிறது. கத்தரி வெயில் முழுவதும் அந்தக் காலத்துக்குள் வந்துவிடும். ஜூன் மாதம் சூரியன் மறைவது நேர் மேற்கில் அல்ல, 24 டிகிரி வடக்கே தள்ளி. உங்கள் வடமேற்கு முகப்பில் அந்த மாலை வெயில் கிட்டத்தட்ட நெற்றிக்கு நேராக அடிக்கும். எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகள், 2017-இலும் இதற்கு ஏற்பாடு இருக்கிறது: 15 டிகிரிக்கு வடக்கே உள்ள ஊர்களில் வடக்குக் கண்ணாடிக்கு வெப்பம் நுழையும் அளவு 0.50 வரை அனுமதி. நமக்கு எல்லாத் திசையிலும் 0.27-தான். கண்ணாடிப் பரப்பு சுவரில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்கான விதி இது. உங்கள் கட்டடம் அதில் வந்துவிடும்.

இதை ஏ.சி. டன்னாக மாற்றிப் பார்த்தால் உறைக்கும். கட்டடத்தின் முகப்பு ஒரு மாடிக்கு 26 மீட்டர் அகலம், ஏறக்குறைய 100 சதுர மீட்டர். மே மாத மாலையில் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுகிறது என்று வையுங்கள். சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடும்: 49 கிலோவாட், அதாவது 14 டன். 0.27 கண்ணாடியானால் 16 கிலோவாட், நாலரை டன். அதே நல்ல கண்ணாடியை 40 சதவீதப் பரப்பில் மட்டும் போட்டால் 2 டன்னுக்கும் குறைவு. நாலு மாடிக்கு 56 டன்னா, 8 டன்னா என்பதை இந்த ஒரு முகப்பு தீர்மானிக்கிறது.

செய்யவேண்டியது: வடமேற்கில் சன்னலுக்குப் பக்கவாட்டில் செங்குத்துத் தகடுகள் வையுங்கள். தாழ்ந்த மாலை வெயிலை மேலே நீட்டிய சன்ஷேடு தடுக்காது, தகடுதான் தடுக்கும். சன்னல் அகலம் 1.2 மீட்டர் என்றால் தகடு 60 செ.மீ.யாவது நீளட்டும். தெற்குப் பக்கம் எளிது: டிசம்பர் நடுவில் நண்பகல் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும், 75 செ.மீ. சன்ஷேடு அதற்குக் கீழே 1 மீட்டர் உயரச் சன்னலை நிழலில் வைக்கும். சன்ஷேடின் அடியில் ஓரத்திலிருந்து 2-3 செ.மீ. உள்ளே நீர்சொட்டும் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். கொத்தனார் மறந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை சன்ஷேடின் அடியிலேயே ஊர்ந்து சன்னல் சட்டத்துக்குள் இறங்கும்.

முழுக் கண்ணாடியே வேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றால் இரண்டை மட்டும் கவனியுங்கள். தளத்தின் ஓரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 10-15 செ.மீ. இடைவெளி வரும். அதை ராக்வூலும் புகைத்தடுப்புப் பூச்சும் கொண்டு 2 மணி நேரத் தீத்தாங்கலோடு அடைக்காவிட்டால், ஒரு மாடிப் புகை எல்லா மாடிக்கும் போகும். சீலிங்குக்கு மேல் மறைந்திருப்பதால் ஒப்பந்ததாரர் விட்டுவிடும் வேலைகளில் இது முதலிடம். அடுத்து, தீயணைப்பு வீரர்கள் வெளியிலிருந்து திறக்கக்கூடிய பலகைகள். அவற்றை முன்பே திட்டமிடாவிட்டால் சான்றிதழ் நேரத்தில் பொருத்திய கண்ணாடியைக் கழற்றவேண்டி வரும்.

வாடகைக்கு வருகிறவர்கள் கேட்பது மாடிக்கு எத்தனை மேசை போடலாம், மின்சாரம் போனால் எத்தனை நொடியில் வரும், கழிவறை சுத்தமா என்பவைதான். கண்ணாடியைக் கேட்பவர் பெரும்பாலும் தரகர்.

கேள்வி: ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுகளை மாடிக்கு மாடி பின்பக்கப் பொந்தில் வைத்து லூவர் போட்டு மறைத்தோம். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மேல் மேல்மாடி யூனிட்டுகள் டிரிப் ஆகின்றன. கம்பெனி ஆட்கள் கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். மறுபடி அதே கதை.
– வாசகர், குரோம்பேட்டை

கேஸில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. கீழ்மாடி யூனிட் துப்பும் சூடு, பொந்துக்குள்ளேயே ஏறி மேல்மாடி யூனிட்டின் உள்ளிழுப்பில் நுழைகிறது. வெளியே 40 டிகிரி என்றால் அந்த யூனிட் சுவாசிப்பது 48, 50. லூவர் தகடுகள் நெருக்கமாகவும் கீழ்நோக்கியும் இருந்தால் சூடு வெளியேறவே வழியில்லை. ஒரு தெர்மாமீட்டரை யூனிட்டின் பின்பக்கக் காயிலில் இருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டு மதியம் பாருங்கள். வெளிக்காற்றைவிட 5 டிகிரிக்கு மேல் இருந்தால் நோய் இதுதான். லூவரைக் கழற்றுங்கள், அல்லது மின்விசிறி வாயில் தகரக் குழாய் பொருத்தி சூட்டை லூவருக்கு வெளியே தள்ளுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் நாலு மாடிக்கு யூனிட்டுகள் எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கே கொண்டுபோகலாம், வி.ஆர்.எஃப். (ஒரு வெளி யூனிட்டோடு பல உள் யூனிட்டுகளைச் சேர்க்கும் ஏ.சி.) குழாய்க்கு அந்தத் தூரம் ஒன்றுமில்லை. சுமார் 220 சதுர அடிக்கு ஒரு டன் என்று எடுத்தால் மாடிக்கு 53 டன், அதற்கு நாலு யூனிட். மொத்தம் 16 யூனிட்டுக்கு இடமும், அவற்றைத் தாங்கும் பீமும், ஷாஃப்டும் முதல் வரைபடத்திலேயே இருக்கவேண்டும். அறைக்குள் இருக்கும் யூனிட்டின் தண்ணீர்க் குழாய்க்கு 1-க்கு 100 சாய்வு. 20 மீட்டர் ஓடினால் 20 செ.மீ. இறங்கும், சீலிங்கில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத இடத்தில்தான் புது மேசைமேல் தண்ணீர் சொட்டும்.

கேள்வி: மழைக்கு எவ்வளவு தயாராக இருக்கவேண்டும்? முடிச்சூர் பக்கம் மனை.
– வாசகர், மேற்குத் தாம்பரம்

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. 1,084 சதுர மீட்டர் (11,670 சதுர அடி) மொட்டை மாடியில் மட்டும் அது 5.3 லட்சம் லிட்டர். மழைநீர் சேமிப்பு சட்டப்படி கட்டாயம். ஆனால் அந்த நாளைக்கு எந்த உறைகிணறும் ஈடு கொடுக்காது. வழிந்தோடும் வழியும் வேண்டும்.

குழாய்க் கணக்கு: மணிக்கு 150 மி.மீ. வேகத்தில் கொட்டும் மழைக்கு, 150 மி.மீ. விட்டக் குழாய் ஒன்று 83 சதுர மீட்டர் மாடியை வடிக்கும். அப்படியானால் 13 குழாய். 100 மி.மீ. குழாயானால் 28 சதுர மீட்டர்தான், 39 குழாய் வேண்டும். பெரும்பாலான வரைபடங்களில் 100 மி.மீ. குழாய் எட்டோ பத்தோ இருக்கும். கைப்பிடிச் சுவரில் தளமட்டத்துக்கு 10 செ.மீ. மேலே வழிவாய்களும் விடுங்கள். குழாய் வாயை இலை அடைத்த நாளில் தண்ணீர் லிஃப்ட் அறைக்குள் போகாமல் வெளியே விழும்.

கீழே: டிரான்ஸ்பார்மர், மெயின் பேனல், ஜெனரேட்டர், யு.பி.எஸ். எதுவும் 2015 தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. அந்த மட்டத்துக்கு மேல் 60 செ.மீ. மேடை. சம்பு (தரையடித் தண்ணீர்த்தொட்டி) வாய் தரையைவிட 45 செ.மீ. உயரட்டும். வெளிச் சாக்கடையோடு சேரும் இடத்தில் எதிர்வராத் தடுப்பு வால்வு. கேபிள் வரும் தரையடிக் குழாய்களின் வாயை அடைக்க மறந்தால், எல்லாவற்றையும் உயர்த்திய பிறகும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகவே பேனல் அறைக்குள் வரும். லாபியை 45 செ.மீ. ஏற்றினால் சக்கர நாற்காலிக்கான 1-க்கு 12 சாய்தளம் 5.4 மீட்டர் நீளும். அதற்கு இடம் விட்டுவிட்டுப் படியை வரையுங்கள்.

கேள்வி: மண் பரிசோதனைக்கு ஒரு போர் (துளை) போதும் என்கிறார்களே?
– வாசகர், பெருங்களத்தூர்

போதாது. ஐ.எஸ். 1892 என்ற இந்தியத் தரநிலை நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொன்று, ஆக ஐந்து கேட்கிறது. உங்கள் பகுதியில் ஒரு மூலையில் பாறை, மறு மூலையில் பழைய ஏரிக் களிமண் என்பது அபூர்வமல்ல. அதோடு, சுவரில்லாத ஸ்டில்ட் தூண்கள்மேல் சுவர் நிறைந்த மாடிகள் நிற்பதை ஐ.எஸ். 1893 (2016) பலவீன மாடி என்கிறது. அதன்படி சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலம். ஸ்டில்ட்டில் லிஃப்ட்டைச் சுற்றியாவது கான்கிரீட் சுவர் இருக்கிறதா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: படிக்கட்டு, லிஃப்ட், கழிவறை எல்லாவற்றையும் நடுவில் வைத்தால் சுற்றிலும் வாடகைக்கு விடலாமே?
– வாசகர், கூடுவாஞ்சேரி

41.7 மீட்டர் நீளத்தில் நடுவிலிருந்து மூலைக்கு நடந்தால் 34 மீட்டர் ஆகிறது. வெளியேறும் படிக்கு 30 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. ஸ்பிரிங்க்ளர் போட்டால்தான் தளர்வு. இரண்டு படிகளையும் எதிரெதிர் முனைகளுக்குக் கொண்டுபோங்கள். மாடியை இரண்டு வாடகைதாரருக்குப் பிரிக்கவும் அதுவே வசதி.

மாடிக்கு 108 பேர். ஆளுக்கு 10 மி.மீ. என்று 1.08 மீட்டர் படி போதும். ஆனால் ஒவ்வொன்றும் 1.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. 3.75 மீட்டர் உயரத்துக்கு 15 செ.மீ. வீதம் 25 ஏற்றம். 13-ம் 12-மாகப் பிரித்தால் ஒரு வரிசைக்கு 12 மிதி, 3.6 மீட்டர். இரு பக்க மேடைகளோடு 6.6 மீட்டர் நீளம், 3.15 மீட்டர் அகலம். வரைபடத்தில் 5 மீட்டர் பெட்டி போட்டிருந்தால் அது வீட்டுப் படிக்கட்டு. சென்டரிங் போடும் நாளில் சண்டை வரும்.

கழிவறை: பாதிக்குப் பாதி என்று வைத்தால் ஆண்களுக்கு 25 பேருக்கு ஒன்று வீதம் 3, பெண்களுக்கு 15 பேருக்கு ஒன்று வீதம் 4. இரண்டு பக்கமும் சமமாக வரைந்துவிட்டுப் பிறகு திண்டாடுகிறவர்கள் அதிகம். மாடிக்கு மாடி மாற்றுத்திறனாளிகளுக்கு 2 மீட்டருக்கு 2.2 மீட்டரில் ஒரு தனி அறை. தண்ணீர் ஆளுக்கு 45 லிட்டர், நாளைக்கு 19,500. சம்பு இரண்டு நாளுக்கு 40,000 லிட்டர், தீயணைப்புத் தண்ணீர் தனி.

கேள்வி: முன்பக்கத் தரைத்தளத்தில் ஒரு வங்கிக்கு இடம் கொடுக்க நினைக்கிறோம்.
– வாசகர், வண்டலூர்

கொடுக்கலாம், 3 மீட்டர் உயரத்தில் அல்ல. ஸ்டில்ட்டை 3.3, மாடிகளை 3.70 ஆக்குங்கள்: 18.1. பெட்டக அறையின் எடை தரைமேலேயே இறங்கட்டும், மாடியில் வேண்டாம். வங்கிக்கு வாசல், மீட்டர், கழிவறை மூன்றும் தனி. பார்க்கிங்கில் ஆறு கார் போகும் என்பதையும் வாடகையில் கணக்கிடுங்கள்.

கேள்வி: 18 மீட்டர் கட்டடத்துக்கும் விமானப்படைத் தடையின்மைச் சான்று கேட்பார்களா?
– வாசகர், சேலையூர்

தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்து மனைகளுக்கு உயரம் குறைவாக இருந்தாலும் கேட்கலாம். மீனம்பாக்கத்துக்கு விமான நிலைய ஆணையம் வேறு. மனையின் கடல்மட்ட உயரத்தை அளந்து, எலிவேஷன் என்கிற முகப்புப் படத்தை வரையும் முன்பே விண்ணப்பியுங்கள். மொட்டை மாடித் தொட்டியும் லிஃப்ட் அறையும் அந்த உயரக் கணக்கில் உண்டு, 18.30 கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

கேள்வி: ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ. வாங்குவது?
– வாசகர், ஊரப்பாக்கம்

நாலு மாடியின் 4,336 சதுர மீட்டருக்கு 90 வாட் வீதம் 390 கிலோவாட் இணைப்புச் சுமை. ஒரே நேரத்தில் 70 சதவீதம் ஓடும் என்றால் 273 கிலோவாட், சுமார் 300 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் 500 வைத்துக்கொள்ளலாம். ஜெனரேட்டரை ஒரே 380 ஆக வாங்காமல் 250-ம் 160-ம் ஆக இரண்டாக வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வேலை செய்யும்போது பெரிய எஞ்சின் 30 சதவீதத்துக்கும் குறைவான சுமையில் ஓடி, எரியாத டீசல் கரியாகப் புகைக்குழாயில் படியும். சின்னது அந்த வேலையைச் சத்தமில்லாமல் பார்க்கும். புகைக்குழாய் உயரம், கட்டட உயரத்தோடு கே.வி.ஏ.யின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு: 250-க்கு 3.2 மீட்டர். 18 மீட்டர் கட்டடத்துக்கு 21.2 மீட்டர் குழாய். அது எந்தச் சுவரோரம் ஏறும் என்று இப்போதே இடம் விடுங்கள்; ஏ.சி. யூனிட்டுகள் காற்றை இழுக்கும் பக்கம் வேண்டாம்.